சிவப்பணு வெறும் பை அல்ல

பள்ளிப் பாடநூல்களில் இரத்தச் சிவப்பணுவுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அரைப் பக்கம். இருபுறமும் குழிந்த வட்டு, உட்கரு கிடையாது, உள்ளே ஹீமோகுளோபின், ஆயுள் 120 நாள். இவ்வளவும் சரியான செய்திகளே. ஆனால் இவற்றைப் படித்து முடிக்கும் மாணவர் மனத்தில் தங்குவது ஒரு பையின் படம். சரக்கு ஹீமோகுளோபின், அதைச் சுமப்பது ஒரு மெல்லிய உறை, உறையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரி வரைக்கும் இந்தப் படம் அதிகம் மாறாமலே கூட வருகிறது. தேர்வு எழுத இது போதும். அரிவாள் செல் நோயோடு வாழும் ஒருவரின் வலியைப் புரிந்துகொள்ள இது போதாது. இந்தியாவில் அந்நோயைப் பற்றி இன்று பேசப்படும் விதத்தில் உள்ள ஒரு பெரிய குறை, இந்தப் பைப் படத்திலிருந்தே தொடங்குகிறது.

செல் சவ்வைப் பற்றி மனிதர் அறிந்தவற்றில் பெரும்பகுதி சிவப்பணுவிலிருந்து வந்ததுதான் என்பது இதில் உள்ள வேடிக்கை. 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்ற அவருடைய உடனாய்வாளரும் சிவப்பணுக்களை அசிட்டோனில் கரைத்து, அவற்றின் லிப்பிடுகளைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பிப் பார்த்தார்கள். பரப்பிய படலம், செல்களின் மொத்த மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்றார்கள். சிவப்பணுவை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. உள்ளே உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, வேறு எந்த உட்சவ்வும் இல்லை. கிடைக்கும் லிப்பிடு முழுவதும் வெளிச்சவ்வினுடையது. அவர்கள் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது. அசிட்டோன் எல்லா லிப்பிடையும் எடுத்துவிடவில்லை. உலர்ந்த செல்லை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகக் கணக்கிடப்பட்டது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, முடிவு சரியாக வந்துவிட்டது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இரண்டு அடுக்கு என்றதும் எழவேண்டிய அடுத்த கேள்வி, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்பது. இக்கேள்விக்கு விடை வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1972-இல் கேம்பிரிட்ஜில் மார்க் பிரெட்சர், சவ்வை ஊடுருவாத வேதிப்பொருள் ஒன்றைக்கொண்டு சிவப்பணுவின் வெளிப்பக்கத்தை மட்டும் குறியிட்டுப் பார்த்தார். அமினோ தொகுதியுடைய பாஸ்போலிப்பிடுகள் வெளியே ஏறக்குறைய அகப்படவில்லை. மறு ஆண்டில் உட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். செல்லைச் சிதைக்காமல் வெளியடுக்கின் லிப்பிடுகளை மட்டும் வெட்டும் நொதிகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்று நல்ல பாம்பின் நஞ்சிலிருந்து எடுத்தது. வெட்டுப்பட்டவை எவை, தப்பியவை எவை என்று எண்ணியபோது படம் தெளிவாயிற்று. ஸ்பிங்கோமைலினும் பாஸ்பாட்டிடைல்கோலினும் பெரும்பாலும் வெளியடுக்கில். பாஸ்பாட்டிடைல்எத்தனோலமைன் பெரும்பாலும் உள்ளடுக்கில். பாஸ்பாட்டிடைல்செரின் ஏறக்குறைய முழுவதும் உள்ளடுக்கில்.

இந்தக் கடைசி லிப்பிடின் பெயர் நீளமானது என்பதால் இனி அதைச் செரின் லிப்பிடு என்றே சொல்லலாம். சவ்வின் பாஸ்போலிப்பிடுகளில் அது ஏழில், எட்டில் ஒரு பங்குதான். ஆனால் சிவப்பணுவின் வாழ்வும் சாவும் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே நிற்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வெளிப்பக்கம் வந்துவிட்டால், மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் அதை அடையாளம் கண்டு அந்தச் செல்லை விழுங்கும். இரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் அதன்மேல் வந்து கூடி வேலையைத் தொடங்கும். இரத்தக் குழாயின் உட்சுவரில் அந்தச் செல் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறு மாறவில்லை, அளவும் மாறவில்லை, நின்ற பக்கம் மட்டும் மாறியது.

தமிழ் படித்தவருக்கு இது அந்நியமான கருத்தாக இருக்க வேண்டியதில்லை. 'கடல்', 'தங்கம்', 'மகன்' ஆகிய மூன்றிலும் இருப்பது ககரம் ஒன்றே. மூன்று இடத்திலும் ஒலி வேறு. எழுத்துப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. சவ்வைப் பற்றிய பாடமும் இன்னும் பட்டியல் கட்டத்திலேயே நிற்கிறது. இத்தனை விழுக்காடு புரதம், இத்தனை விழுக்காடு லிப்பிடு, கொஞ்சம் கார்போஹைட்ரேட். கூடவே ஒரு படம்: வட்டத் தலையும் இரட்டை வாலும் கொண்ட உருவங்கள் இரண்டு வரிசையாக, எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே அச்சில் வார்த்தவைபோல். பிரெட்சரின் கட்டுரை வந்த அதே 1972-இல்தான் சிங்கரும் நிக்கல்சனும் தங்கள் பாய்ம மொசைக் மாதிரியை வெளியிட்டார்கள். பாடநூல்கள் மொசைக்கை எடுத்துக்கொண்டன. இரு பக்கமும் வேறு வேறு என்ற செய்தி பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் படத்துக்கு இரண்டாவது வண்ணம் பூச யாரும் முன்வராதது ஏன் என்பது உண்மையிலேயே விளங்கவில்லை.

இந்த அமைப்பு தானாக நிலைத்திருப்பதும் இல்லை. லிப்பிடுகள் ஓரடுக்கிலிருந்து மற்றதற்குத் தாமாகத் தாவுவது மிக மெதுவாக நடப்பது. ஆனாலும் 120 நாள் வாழும் செல்லில் மெதுவாக நடப்பதும் நடந்து முடிந்துவிடும். வெளியே கசியும் செரின் லிப்பிடைப் பிடித்து உள்ளே தள்ளும் புரதம் ஒன்று இருப்பதை 1984-இல் பாரிஸில் செனியூரேயும் தெவோவும் மனிதச் சிவப்பணுவில் காட்டினார்கள். ஃப்ளிப்பேஸ் என்ற வகையைச் சேர்ந்த அந்தப் புரதம் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்தே இந்த வேலையைச் செய்கிறது. ஆகச் சிவப்பணு தன் சவ்வை ஒழுங்காக வைத்திருக்க நாள்தோறும் விலை கொடுக்கிறது. எதிர்த்திசையில், இரு அடுக்கையும் கலக்கிவிடும் ஸ்கிராம்பிளேஸ் புரதங்களும் உண்டு. அவை தீயவை அல்ல. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் செரின் லிப்பிடை வெளிக்காட்டாவிட்டால் இரத்தம் சரியாக உறையாது. ஸ்காட் நோய்க்குறி என்ற அரிய நோயில் நேர்வது அதுவே. (இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. 1990-களில் முதலாம் ஸ்கிராம்பிளேஸ் என்று பெயரிடப்பட்ட புரதத்தை எலிகளில் நீக்கிப் பார்த்தபோதும் செரின் லிப்பிடு வழக்கம்போலவே வெளிவந்தது. அந்தப் புரதத்தின் பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை. அறிவியலில் ஒரு பெயர் நிலைத்துவிட்டால் அதற்கு எதிரான சான்று வந்தாலும் அசையாது. அரிவாள் செல் என்ற பெயரும் அப்படித்தான். அதற்குப் பின்னர் வருவோம்.)

வளரும் சிவப்பணுவில்தான் இந்த ஒழுங்கின் முழு மதிப்பும் தெரிகிறது. எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஒரு மேக்ரோஃபேஜ் நடுவில் இருக்க, அதைச் சுற்றி இளஞ்செல்கள் குழுமியிருக்கும். பிரெஞ்சு மருத்துவர் மார்செல் பெசி 1950-களில் விவரித்த இந்தக் கூட்டத்துக்குத் தீவு என்று பெயர். இளஞ்செல் சில முறை பிரிந்து, சுருங்கி, ஹீமோகுளோபினால் நிரம்பி, கடைசியில் தன் உட்கருவை ஓர் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றிவிடுகிறது. உட்கரு வெறுமனே வெளியேறுவதில்லை. சவ்வின் ஒரு பகுதியைச் சுற்றிக்கொண்டு, மெல்லிய சைட்டோபிளாசப் பூச்சோடு போகிறது. ஒரு நிமிடம் முன்புவரை ஒரே சவ்வாக இருந்தது இப்போது இரண்டு உருண்டைகளாகிவிட்டது. ஒன்று உட்கருவைச் சுமக்கும் உருண்டை. மற்றது இன்னும் சில நாளில் சிவப்பணுவாகப் போகும் ரெட்டிகுலோசைட். இரண்டும் அந்த மேக்ரோஃபேஜின் அருகிலேயே இருக்கின்றன. அது முதலாவதை விழுங்குகிறது, இரண்டாவதை விட்டுவிடுகிறது.

எப்படித் தெரிகிறது அதற்கு? 2005-இல் ஜப்பானில் நகாத்தாவின் குழு விடை கண்டது. பிரிந்துபோன உட்கரு உருண்டையில் ஏடிபி விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஏடிபி தீர்ந்தால் செரின் லிப்பிடை உள்ளே பிடித்துவைக்க ஆளில்லை, அது வெளியே வருகிறது, மேக்ரோஃபேஜ் பிடித்துக்கொள்கிறது. அந்த லிப்பிடை மறைத்துவிட்டால் விழுங்குவதும் குறைகிறது. விழுங்கிய டிஎன்ஏவைச் செரிக்கும் நொதி மேக்ரோஃபேஜில் இல்லாத எலிக்கருக்கள் கடும் இரத்தசோகையில் மடிகின்றன என்பதை அக்குழு அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது. ஒரே தாய்ச்சவ்விலிருந்து பிரிந்த இரண்டில் ஒன்று உணவாகவும் மற்றொன்று உயிராகவும் ஆவதைத் தீர்மானிப்பது, ஒரு லிப்பிடைத் தன் இடத்தில் நிறுத்திவைக்கப் போதிய ஆற்றல் யாரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதே.

ரெட்டிகுலோசைட்டின் வேலை அத்துடன் முடியவில்லை. அதற்குள் இன்னும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், வேண்டாத சவ்வுத் துண்டுகள் இருக்கின்றன. அடுத்த இரண்டு மூன்று நாளில், மஜ்ஜையிலும் பின்னர் இரத்த ஓட்டத்திலும், அது இவற்றையெல்லாம் ஒழிக்கிறது. மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. இரும்பை உள்வாங்கும் ஏற்பிப் புரதங்களை நுண்ணிய குமிழிகளாகக் கழற்றி வெளியே விடுகிறது. இன்று உலகெங்கும் ஆராயப்படும் எக்சோசோம் என்ற குமிழிக்கு அப்பெயரை இட்டவர் ரோஸ் ஜான்ஸ்டன். மாண்ட்ரியலில் அவர் அதைக் கண்டது ஆட்டின் ரெட்டிகுலோசைட்டில்தான். வேலை முடிந்தபின் செல்லிடம் புதுச் சவ்வு கட்டும் வசதி எதுவும் இல்லை. கொலஸ்ட்ராலைப் பிளாஸ்மாவோடு மாற்றிக்கொள்ளலாம், லிப்பிடுகளின் வாலைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. வளரும் நாள்களில் அமைந்த அடுக்கைக் காத்துக்கொண்டு நான்கு மாதம் ஓடவேண்டும். ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள செல், தன்னில் பாதி அகலமுள்ள நுண்குழாய்களிலும், மண்ணீரலில் அதைவிடக் குறுகிய பிளவுகளிலும் நுழைந்து வெளிவர வேண்டும்.

இந்தக் குப்பை ஒழிக்கும் கட்டத்தில் 2015-இல் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் கண்ட ஒன்று மிக முக்கியமானது. ரெட்டிகுலோசைட் தன் உள்ளே மிஞ்சியவற்றை ஒரு பெரிய குமிழியில் திரட்டுகிறது. அக்குமிழி செல்லின் வெளிச்சவ்வோடு இணையும்போது, அவ்விடத்தில் செரின் லிப்பிடு வெளிமுகமாகத் தெரிகிறது. நலமான உடலில் இது சிக்கலல்ல. செல் மண்ணீரலைக் கடக்கும்போது அந்தத் திட்டு மட்டும் பிடுங்கப்பட்டு, செல் தன் வழியே போய்விடுகிறது. மண்ணீரல் செயலிழந்தவரிடம் திட்டு அப்படியே நிற்கிறது. மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழக்கும் நோய்களில் தலையாயது அரிவாள் செல் நோய்.

இனி அந்தப் பெயருக்கு வரலாம். 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடாத் தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஓர் இளைஞரின் இரத்தத்தில் நீண்டு வளைந்த செல்களைக் கண்டதை வெளியிட்டார். அவற்றை முதலில் நுண்ணோக்கியில் பார்த்தவர் அவருடைய பயிற்சி மருத்துவர் அயர்ன்ஸ், அது 1904-இல். நோய்க்கு இன்றைய பெயரை 1922-இல் மேசன் இட்டார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் உடனாய்வாளர்களும் இந்நோயாளரின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, இதை மூலக்கூறு நோய் என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் வெர்னன் இங்கிராம், பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வேலினாக மாறியிருப்பதைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் பெரும் சாதனைகளில் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக நோயின் கதை இரண்டே சொற்களில் சுருங்கிவிட்டது. வடிவம் ஒன்று, ஹீமோகுளோபின் மற்றொன்று. வளைந்த செல்கள் குழாயில் சிக்கி அடைக்கின்றன, அதனால் வலி. வாய்க்காலில் கட்டை சிக்கியதுபோல. தமிழ்ப் பாடநூல் 'கதிர் அரிவாள்' என்று கதிரையும் சேர்த்துச் சொல்கிறது. படம் இன்னும் அழுத்தமாக மனத்தில் பதிகிறது.

நடப்பது இதைவிடச் சிக்கலானது. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் இழைகளாகத் திரண்டு சவ்வை உள்ளிருந்து குத்துகிறது. சவ்வுக்கு அடியில் வலைபோல் தாங்கும் ஸ்பெக்ட்ரின் சட்டகத்திலிருந்து லிப்பிடு அடுக்கு பிரிகிறது, குமிழிகளாக உதிர்கிறது. உள்ளடுக்கு லிப்பிடுகள் வெளியே வருவதை 1981-லேயே கலிஃபோர்னியாவில் லூபினும் சியூவும் காட்டினார்கள். நலமானவரின் இரத்தத்தில் செரின் லிப்பிடு வெளித்தெரியும் சிவப்பணு நூற்றில் ஒன்றுகூட இராது. இந்நோயாளரிடம் அது பல மடங்கு. பின்னர் ஒளிரும் குறியிட்டு எண்ணியபோது, அப்படி வெளித்தெரிபவை எல்லாம் வளைந்த செல்கள் இல்லை என்பது தெரியவந்தது. எடை குறைந்த, இளைய செல்களிலும் அவை கணிசமாக இருந்தன. நோயாளரின் மஜ்ஜை, இழப்பை ஈடுசெய்ய அவசர அவசரமாக ரெட்டிகுலோசைட்டுகளை வெளியே அனுப்புகிறது. முழுதாக ஒழியாத குப்பையோடும், பிடுங்கப்படாத திட்டுகளோடும் அவை ஓடுகின்றன. நுண்ணோக்கியில் அவை வட்டமாகவே தெரியும். ஆனால் குழாய்ச் சுவரில் ஒட்டுவதும் உறைதலைத் தூண்டுவதும் அவற்றுக்கும் கைவரும்.

வலியால் துடித்து வரும் நோயாளரின் இரத்தப் பூச்சில் எத்தனை செல் வளைந்திருக்கிறது என்பதைக்கொண்டு அவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று சொல்ல முடியாது. நம்பத்தக்க வேறு ஆய்வகச் சோதனையும் இல்லை. நோயாளர் சொல்வதே சான்று. இது மருத்துவ நூல்களிலேயே எழுதப்பட்ட உண்மை. ஆயினும் நோயை வடிவத்தால் அறிந்துகொண்ட கண், வடிவத்தையே தேடுகிறது. பூச்சில் அதிகமில்லை, ஹீமோகுளோபின் போன மாதம் இருந்த அளவே இருக்கிறது. பிறகேன் இவ்வளவு அலறல்? நடிக்கிறார், ஊசி மருந்துக்குப் பழகிவிட்டார் என்ற ஐயம் அங்கே பிறக்கிறது. இந்த ஐயம் உலகெங்கும் இந்நோயாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. வலிக்கு ஆளாகிறவர் பழங்குடியினராகவோ தலித்தாகவோ இருந்து, மருத்துவரின் மொழியும் அறியாதவராக இருந்தால், அந்த ஐயத்தை எதிர்த்து அவர் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

இந்தியாவில் இந்நோயின் மரபணு முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடையே. லேமனும் கட்புஷும் கண்டது. அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் கண்டறியப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது என்பவை இலக்குகள். கவனிக்கப்படாமலே கிடந்த ஒரு நோய்க்கு அரசின் கவனம் கிடைத்திருப்பது நல்லதே. இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இயக்கத்தின் பெயரிலேயே உள்ள 'ஒழிப்பு' என்ற சொல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மையை ஒழித்ததுபோல் மரபணு நோயை ஒழிக்க முடியாது. தொற்றும் கிருமி அங்கே இல்லை. நடைமுறையில் ஒழிப்பு என்பது, இந்நோயுள்ள குழந்தை பிறக்காமல் பார்த்துக்கொள்வது. ஆகவே களத்தில் முன்னே நிற்பது பரிசோதனை, வண்ண அட்டை, திருமணத்துக்குமுன் பொருத்தம் பார்க்கும் ஆலோசனை. முதற்கட்டச் சோதனையில் இரத்தம் கலங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அது ஹீமோகுளோபினைப் பற்றிய கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்றுதான் விடை. ஏற்கெனவே பிறந்து, வலியோடு வாழ்பவருடைய நாளைய நிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

மரபணுவே மூலம், அதைச் சரிசெய்தால் சவ்வும் தானே சரியாகிவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த மரபணுத் திருத்தச் சிகிச்சை, பிழையான அந்த மரபணுவையே சரிசெய்யாவிட்டாலும், மரபணு மட்டத்தில்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர். விதர்பாவிலும் சத்தீஸ்கரிலும் வாழும் ஒரு பழங்குடிக் குடும்பத்துக்கு அது எந்த நூற்றாண்டில் எட்டும் என்று கணக்கிட வேண்டியதில்லை. ஹீமோகுளோபினை மட்டும் குறிவைத்த மருந்தின் கதையும் இருக்கிறது. இழை திரளுவதைத் தடுக்கும் வாக்செலோடார் என்ற மாத்திரை 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சோதனைகளில் ஹீமோகுளோபின் அளவு உயர்ந்தது. வலித் தாக்குதல்கள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. வலித் தாக்குதலும் இறப்பும் கூடுவதாக ஐயம் எழுந்ததால் 2024 செப்டம்பரில் நிறுவனமே உலகெங்கிலுமிருந்து அதைத் திரும்பப் பெற்றது. எண் உயர்ந்தது, வலி கேட்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செல்கள் சுவரில் ஒட்டுவதைத் தடுக்க வந்த கிரிசான்லிசுமாப் என்ற ஊசி மருந்தும் 2019-இல் ஒப்புதல் பெற்று, அடுத்த பெரிய சோதனையில் பயன் காட்டாததால் 2023-இல் ஐரோப்பாவில் அனுமதி இழந்தது. ஆகவே சவ்வையும் ஒட்டுதலையும் கவனித்தால் மருந்து உடனே கிடைத்துவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. நோய் பல கை கொண்டது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. இன்று கையிலிருக்கும் மலிவான மருந்து ஹைட்ராக்சியூரியாதான். கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்துவதால் அது வேலை செய்கிறது என்பது முதன்மையான விளக்கம். ஆனால் அந்த உயர்வு வருவதற்கு முன்பே சிலருக்கு வலி குறைவது தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது. வெள்ளணுக்கள் குறைவதும் ஒட்டும் தன்மை தணிவதும் காரணமாகலாம் என்கிறார்கள். இந்திய நோயாளர் பலரிடம் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பிலேயே கூடுதல். மண்ணீரலும் மற்றவர்களைவிட நீண்ட காலம் தாங்குகிறது. இதை வைத்து 'இந்திய அரிவாள் செல் நோய் மென்மையானது' என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மத்திய இந்தியாவின் மருத்துவமனைகளில் கண்ட நோயாளர்கள் அந்தச் சொல்லைப் பொய்யாக்கினார்கள். மண்ணீரல் தாங்கும் காலத்தில் இளஞ்செல்லின் சவ்வுக்கு என்ன நேர்கிறது, அது தளரும்போது எது முதலில் மாறுகிறது என்பவை, வேறெங்கையும்விட இந்தியாவில் நன்றாகக் கேட்கக்கூடிய கேள்விகள். ஒழிப்பு இயக்கத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும் இவற்றைக் கேட்க.

இங்கே சட்டத்தின் நிலையும் நினைக்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயை 21 குறைபாட்டு வகைகளுள் ஒன்றாக ஏற்றது. அதே சட்டம் அரசு வேலையில் வகுத்த 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் இரத்த நோய்கள் எவற்றையும் சேர்க்கவில்லை. சான்றிதழ் உண்டு, வேலை இடம் இல்லை. நடக்கிறார், பார்க்கிறார், கேட்கிறார். ஆகையால் குறை வெளியே தெரியவில்லை. மாதத்தில் நான்கு நாள் படுக்கையில் கிடப்பவரை எந்த அலுவலகம் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கலைச்சொல்லை இன்று மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. அரிவாள் அரிவாளாகவே இருக்கட்டும். மாற்றக்கூடியவை சில உண்டு. பாடநூல் படத்தில் சவ்வின் இரண்டு அடுக்குக்கும் இரண்டு வண்ணம் பூசலாம். சிவப்பணு மஜ்ஜையில் உட்கருவைத் துறக்கும் கதையை ஒரு பத்தியில் சொல்லலாம். பதினோராம் வகுப்பு மாணவர் அதை விரும்பிப் படிப்பார். பழங்குடிப் பகுதிகளில் பணிபுரியும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தரும் பயிற்சியில், பூச்சில் வட்டமாகத் தெரியும் செல்லும் வலி தரும் என்ற ஒரு செய்தியை முதல் நாளிலேயே சேர்க்கலாம். பரிசோதனை முகாமில் கொடுக்கப்படும் அட்டையில் யார் யாரை மணக்கலாம் என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிக்கும் இடமிருக்கிறது: இந்த அட்டையை வைத்திருப்பவர் வலிக்கிறது என்றால் நம்பி, காத்திருக்க வைக்காமல் மருந்து கொடுக்கவும்.